காற்றாடிமலைக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தென்குமரி:
புனித தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம் கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. நாள் 1752 ஜனவரி 14. இந்த வருடம் நினைவு நாள் திருப்பலிக்குப் போயிருந்தேன். பூசை முடிந்ததும் கூட்டத்தோடு சேர்ந்து மணியடிச்சான் பாறைக்கு ஏறினோம். ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் ணங்கென்று வெண்கல மணிச் சத்தம்! பக்கத்துப் பாறையைத் தட்டினால் வெறும் டொக். அவர் உயிர் பிரிந்த நேரத்தில் இந்தப் பாறை மணிபோல் ஒலித்தது என்பது ஊரார் நம்பிக்கை. எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர், மூன்று தட்டு தட்டிவிட்டுப் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்து அரண்மனை அலுவலர். வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இழப்பு வந்து நொந்துபோயிருந்தபோது டச்சுப் படையில் இருந்த டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுள் நம்பிக்கையை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார். குளச்சல் போரில் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான அதே டிலனாய்தான். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அதன்பிறகு சாதி பார்க்காமல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அரண்மனையில் இருந்தவர்களுக்கு அதுவே பொறுக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 1749-ல் ராஜ துரோகக் குற்றம் சாட்டிப் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். காயத்தில் மிளகாய்ப் பொடி தடவி வெயிலில் நிறுத்தினார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ அல்ல, ஏறக்குறைய மூன்று வருடம்.

நீங்கள் போன இடங்களைப் பற்றியும் எழுதுங்கள்.

தக்கலைப் பக்கம்:
புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை எங்கள் வீட்டுக்குப் பக்கம். தாகத்தில் தவித்த தேவசகாயம் செபித்துவிட்டுக் கை முட்டியால் பாறையில் இடிக்க, தண்ணீர் ஊறியது என்பார்கள். குழி சின்னதுதான். என் பாட்டிக்கு அந்தத் தண்ணீர் இல்லாமல் முடியாது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் பாட்டிலோடு என்னைத்தான் அனுப்புவார். நெற்றியில் தடவிவிட்டு, ஒரு மடக்கு குடிக்கக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே போகிறவர்கள் உதயகிரிக் கோட்டையையும் பார்த்துவிட்டு வாருங்கள். டிலனாய் கல்லறை அதற்குள்ளேதான் இருக்கிறது.

வடக்கன்குளத்துக்காரி:
எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறோம், அவர் மனைவியை மறந்துவிடுகிறோம். பார்கவி அம்மாளும் எங்கள் ஊரில்தான் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். புருஷனைக் கொன்ற பிறகு எங்கள் ஊரிலேயே வாழ்ந்து, இங்கேயே அடக்கமானார். கல்யாணத்துக்கு முன் என் அம்மா என்னை அந்தக் கல்லறைக்குத்தான் கூட்டிப்போனார். "கஷ்டத்தில் கூட நின்ற பொம்பளை, அவளிடம் கேள்" என்றார். நான் இன்றும் முதலில் அவரிடம்தான் வேண்டுகிறேன்.

கோட்டாறு:
அருமை அக்கா. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவில் கார்மல் பள்ளி மைதானத்தில் முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது நான் தொண்டராக நின்றேன். தண்ணீர் கொடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துவிட்டது. 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். திருத்தந்தை பிரான்சிஸ் வாயால் அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். இந்திய பொதுநிலையினரில், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களில், முதல் புனிதர் நம் ஊர்க்காரர்! அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

சென்னைவாசி:
குடும்பத்தோடு வரலாம் என்று இருக்கிறோம். எங்கே தொடங்குவது?

தென்குமரி:
நட்டாலத்தில் தொடங்குங்கள். அடுத்து புலியூர்க்குறிச்சி. வழியில் பெருவிளை, அவரை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்த இடம். காற்றாடிமலைக்கு வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே போய்விடுவது நல்லது. அதனால் முந்தின நாள் நாகர்கோவிலில் தங்கிக்கொள்ளுங்கள். கடைசியாகக் கோட்டாறு சவேரியார் பேராலயம். அவருடைய எலும்புகளை எடுத்து வந்து அடக்கம் செய்தது அங்கேதான். வடக்கன்குளத்தையும் விட்டுவிடாதீர்கள், அக்கா கோபித்துக்கொள்வார்.