ஒரு போத்தல் தண்ணீரில் நீர்நாய்

இங்கே எல்லாரும் தாங்கள் நேரில் கண்ட காட்டு விலங்கைப் பற்றிச் சொல்கிறீர்கள். நான் இன்னும் கண்ணால் காணாத ஒன்றைச் சொல்கிறேன்: நீர்நாய்.

கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள் நான். கால்வாய் என்றால் நாற்றமும் நுளம்பும்தான் நினைவுக்கு வரும். 2018இல் ராம்சார் என்ற உலக ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்பு ஈரநில நகரமானபோதும் செய்தியை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியதோடு சரி. போன வருடம் அண்ணாவின் மகள் பட்டப்படிப்பு ஆய்வுக்காகப் பத்தரமுல்லைப் பக்கம் சதுப்பு நிலத்தில் தண்ணீர் எடுக்கப் போனாள்; தண்ணீரில் கலந்திருக்கும் டிஎன்ஏயை வைத்து அங்கே என்னென்ன விலங்குகள் இருக்கின்றன என்று பார்க்கத்தான். துணைக்கு நானும் போனேன்.

"மாமி, கையுறை போடாமல் போத்தலைத் தொடாதேங்கோ" என்றாள். நீந்தும்போதும் குடிக்கும்போதும் விலங்கிலிருந்து உதிரும் தோல், மயிர், எச்சில், கழிவு எல்லாவற்றிலும் அதன் டிஎன்ஏ இருக்கிறது. அதை வடித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, எந்த இனம் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எங்கள் விரல் பட்டால் எங்கள் டிஎன்ஏதான் மிஞ்சும். அதற்காகவே சுத்தமான தண்ணீரும் ஒரு போத்தல் கொண்டுவந்து அதே மாதிரி வடித்தாள். அதில் விலங்கு ஏதும் தெரிந்தால் பிழை எங்கள் வேலையில்.

வடிப்பதுதான் பெரும்பாடு. தண்ணீரை வடிக்கும் மெல்லிய சவ்வின் துளை 0.45 மைக்ரோமீற்றர். கை நோக நோக அழுத்தியும் கால் லீற்றர் போகுமுன் சேறு அடைத்துக்கொண்டது. வெள்ளைச் சவ்வு தேயிலைச் சாயம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வெயில் ஏறினால் டிஎன்ஏ சிதையும் என்று அவசர அவசரமாக அந்தச் சவ்வை எதனோலில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தோம்.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சிங்கள ஐயா ஒருவர் எங்களைக் கூப்பிட்டுக் கரைக்கல் ஒன்றைக் காட்டினார். அதன்மேல் கறுப்பாக எச்சம், அதில் மீன் செதிலும் நண்டு ஓடும் மினுங்கின. நீர்நாயின் எச்சம். இரவில் 'ஹந்துன் திவியா'வும் வரும் என்றார், மீன்பிடிப் பூனையைத்தான்.

முடிவு வர மாதக்கணக்கானது. மனிதர், நாய், எருமை, எலி, அப்புறம் நீர்நாய்! அந்தப் பெயரை அவளுடைய கணினியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீன்பிடிப் பூனை மட்டும் வரவில்லை. "இல்லையென்று அர்த்தமில்லை மாமி. தரை விலங்கு தண்ணீரில் விடுவது கொஞ்சம், நாங்கள் எடுத்தது அதிலும் கொஞ்சம்" என்றாள். ஆகவே கமராவும் வேண்டும், அந்த ஐயாவைப் போல் தினமும் கரையில் இருப்பவர்களின் கண்ணும் வேண்டும்.

மாரி தொடங்குமுன் அந்த ஐயா சொன்ன இடத்தில் மறுபடி தண்ணீர் எடுக்கப் போகிறோம்.