பிள்ளையை மன்னித்த அந்த நாள் – உங்கள் அனுபவம்?

கேத்தி அம்மா
பையனுக்கு 31 வயது. குடி எப்படி ஆரம்பித்தது, எத்தனை முறை ஆஸ்பத்திரி என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான், விடுங்கள். காரட் விற்ற பணத்தை எடுத்தான், அப்புறம் என் செயினை. அவங்க அப்பா காரியத்துக்கும் போதையில்தான் வந்து நின்றான். அன்றைக்குச் சாத்திய கதவு.

போன தை மாதம், விடிந்து கொஞ்ச நேரம்தான், புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிறது. பஸ்ஸுக்கு நடக்கிறேன். ரோட்டோரப் பள்ளத்தில் ஒருத்தன் குனிந்து காலி பாட்டில் பொறுக்கிச் சாக்கில் போடுகிறான். 2022-லிருந்து நம்ம நீலகிரி மாவட்டத்தில் காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்களே, அதற்காக. காலில் செருப்பில்லை. குதிகாலில் தழும்பு. எட்டு வயதில் களைக்கொத்து பட்ட தழும்பு, நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தான். "அம்மா, நீ போ. யாராவது பார்த்துடப் போறாங்க" என்றான். சாக்கை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான், உள்ளே பாட்டில்கள் உரசுகிற சத்தம்.

நான் போய்விட்டேன். பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது, ஆனால் இன்றுவரை கதவைத் திறக்கவில்லை. இதற்குப் பெயர் மன்னிப்பா?

பண்ணைக்காட்டு அப்பா
இல்லை அக்கா. மனசுக்குள் மன்னித்தது அவனுக்கு எப்படித் தெரியும்? என் மகன் ஆன்லைன் ரம்மியில் காப்பிக் காசு முழுக்க விட்டவன், ஒரு வருஷம் கழித்து ராத்திரி வந்து நின்றான், திறந்தேன். சாப்பிடச் சொன்னால், வீட்டுத் தட்டை விட்டுவிட்டு, காப்பி பறிக்க வருகிறவர்களுக்கென்று தனியாக வைத்திருக்கிற தட்டை எடுத்து, அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டான். அவன் தட்டு அலமாரியில் அதே இடத்தில்தான் இருந்தது. அதை எடுத்து வைத்தேன், அவ்வளவுதான், இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. நீங்களும் திறந்துவிடுங்கள்.

குன்னூர் அக்கா
அண்ணா, ரம்மியும் குடியும் ஒன்றில்லை, சட்டென்று திறந்துவிடுங்கள் என்று சொல்லாதீர்கள். என் தம்பியை அப்படித்தான் கூட்டி வந்து, ஒரு சொட்டுக் கூடாது என்று அறையில் வைத்தோம். இரண்டாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், சிலருக்கு உயிரே போகும். அதனால் அக்கா, வீட்டுக்கு முன்னால் ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வைப்பார்கள். எந்த நேரமும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடலாம், தமிழிலேயே பேசுவார்கள், குடிப்பவர்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம். இன்னொன்று. பாசத்தில் நிலத்தை அவன் பேருக்கு எழுதிவிடாதீர்கள். எழுதத்தான் வேண்டும் என்றால், கடைசிவரை என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 23-வது பிரிவு. பார்க்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் போய் ரத்து செய்யக் கேட்கலாம். மன்னிப்பது வேறு, பட்டாவைக் கொடுப்பது வேறு.

பண்ணைக்காட்டு அப்பா
நிலத்தைப் பற்றி அக்கா கேட்கவே இல்லையேம்மா. வலிப்பு விஷயம் சரி, அது எனக்குத் தெரியாது.

கேத்தி அம்மா
நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்துவிட்டேன், நாளைக்குப் பேசுகிறேன். நேற்று அதே வளைவில் போய் நின்றேன், அவன் இல்லை. ஒன்பதாம் நம்பர் செருப்பும் ஒரு ஸ்வெட்டரும் பையில் இருந்தது. அங்கே டீக்கடையில் கொடுத்துவிட்டு, "அம்மா கொடுத்தாங்க என்றே சொல்லுங்கள்" என்று சொல்லி வந்தேன்.