ஃபூக்கோவின் அதிகாரம், அறிவு: பி.ஏ. வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

தொப்பூர் கணவாய்:
தருமபுரியில் தமிழ்வழி பி.ஏ. இரண்டாமாண்டு வகுப்பு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவுக்கு ஐம்பது நிமிட வகுப்பு மூன்றுதான் ஒதுக்க முடியும். வரையறையைச் சொன்னால் 'அறிவே ஆற்றல்' என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். எதில் தொடங்கலாம், எதை விடலாம்? நடுக் கோபுரத்திலிருந்து எல்லா அறைகளையும் கண்காணிக்கும் சிறை வரைபடமான பனாப்டிகான் படத்தை முதலிலேயே காட்டலாமா?

பென்னாகரம் ரோடு:
படத்தை இரண்டாம் வகுப்பின் கடைசிக்குத் தள்ளுங்கள் சார். முதலில் காட்டினால் 'ஃபூக்கோ என்றால் சிசிடிவி' என்று பதிந்துவிடும், அப்புறம் அழிக்க முடியாது.

1975இல் வந்த, சிறை பற்றிய ஃபூக்கோவின் நூலின் தொடக்கத்தையே எடுங்கள். பிரெஞ்சு மன்னரைக் கத்தியால் குத்திய தாமியானுக்கு 1757இல் பாரிஸில் ஊரறிய நடந்த சித்திரவதை. அதையடுத்து, ஏறக்குறைய எண்பது ஆண்டு கழித்து இளங்குற்றவாளிகள் இல்லத்துக்கு எழுதப்பட்ட நேர அட்டவணை. குளிர்காலத்தில் காலை 6 மணிக்கு, கோடையில் 5 மணிக்கு நாள் தொடங்கும். 9 மணி நேர வேலை, 2 மணி நேரப் படிப்பு. இரண்டையும் அரைப் பக்க அளவில் தமிழில் சுருக்கிக் கொடுங்கள். வாசிக்க 10 நிமிடம், பேச 20.

"இடையில் என்ன மாறியது?" என்று கேட்டால், "மனிதர்களுக்கு இரக்கம் வந்துவிட்டது" என்றுதான் முதல் பதில் வரும். உடனே மறுக்காதீர்கள். விடுதி அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, உடம்பில் அடி விழாமலே என்னென்ன பழக்கப்படுத்தப்படுகிறது என்று கேளுங்கள். தண்டனை குறைந்ததா, வேறு இடத்துக்குப் போனதா என்ற கேள்வி அவர்களிடமிருந்தே கிளம்பும்.

பாராமகால்:
இரண்டாம் வகுப்புக்குப் பாரிஸ் வேண்டாம், நம்ம ஊரே போதும். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், நம் தருமபுரியும் அடங்கிய பாராமகால் பகுதி திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை (நிலவரி) விதித்தார்கள். உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்த வேலையில்தான். வரி வாங்க நிலத்தைப் பற்றிய அறிவு தேவை. வீடு வீடாக, வயல் வயலாக நுழைந்து அந்த அறிவைத் திரட்ட அதிகாரம் தேவை. ஒன்று முன்னே, மற்றது பின்னே என்று பிரிக்க முடியாது. ஃபூக்கோ சொல்லும் பிணைப்பு இதுதான்.

கையில் கொடுக்க ஒரு சிட்டா நகல் போதும், பெயரையும் பட்டா எண்ணையும் மறைத்துவிடுங்கள். நான்கு பேருக்கு ஒன்று. கேட்க வேண்டியவை: என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன (புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், பரப்பு, தீர்வை)? யார் நிரப்பியது? உழுகிறவர், களை எடுக்கிறவர் இதில் எங்கே? பெயர் இல்லாவிட்டால் எதெல்லாம் கிடைக்காது?

கடைசிக் கேள்வியை அவசரப்படாமல் நடத்துங்கள். பயிர்க்கடன், வெள்ள நிவாரணம், நிலம் எடுத்தால் இழப்பீடு என்று பட்டியல் வளரும். அதிகாரம் தடுப்பது மட்டுமில்லை, 'பட்டாதாரர்', 'ஆக்கிரமிப்பாளர்' என்று ஆட்களையே உண்டாக்குகிறது என்பது அங்கே புரியும். தலைமுறையாக உழுத இடம் பதிவேட்டில் புறம்போக்கு என்றிருந்தால் அந்தக் குடும்பம் ஆக்கிரமிப்பாளர். நிலம் அதே நிலம்தான்.

ஒரு எச்சரிக்கை: மாணவர்களுடைய சொந்தச் சிட்டாவையோ சாதிச் சான்றிதழையோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். யாரிடம் நிலம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது வகுப்பில் வெளிப்பட்டால் பாடம் அதோடு முடிந்தது.

காவேரிப்பட்டினம்:
சிட்டா யோசனை பிரமாதம், ஆனால் 'வெள்ளைக்காரன் சூழ்ச்சி' என்று வழுக்கிவிடும். சூழ்ச்சி என்றால் பின்னால் ஒரு ஆள் இருக்கவேண்டும். ஃபூக்கோ தேடுவது ஆளையல்ல. படிவம், பதிவேடு, தணிக்கை என்ற நடைமுறையை. அதனால்தான் ஆட்சி மாறியும் சிட்டா நிலைத்தது. அவர் காலனியாட்சி பற்றி அதிகம் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பாராமகாலுக்குப் பொருத்துவது நம் வேலை. 1978இல் எட்வர்ட் சயீத், கீழை நாடுகளைப் பற்றி மேற்கு திரட்டிய அறிவான கீழைத்தேயவியலுக்கு அதைச் செய்தார்.

'அறிவே ஆற்றல்' ஆங்கிலச் சிந்தனையாளர் பிரான்சிஸ் பேகனுடையது, 1597. அதில் அறிவு ஒருவர் கையிலிருக்கும் கருவி. 'அறிவுடையார் எல்லாம் உடையார்' என்ற குறளையும் யாராவது எடுத்துவிடுவார்கள். அதுவும் உடைமை பற்றிய பேச்சே. பேகன், குறள், ஃபூக்கோ மூன்றையும் பலகையில் எழுதி, "இதில் எதில் அறிவுக்குச் சொந்தக்காரர் இல்லை?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

தொப்பூர் கணவாய்:
நன்றி. எதிர்ப்பை எங்கே சேர்ப்பது? "அப்போ தப்பிக்கவே முடியாதா சார்?" என்று கட்டாயம் கேட்பார்கள்.

பாராமகால்:
மூன்றாம் வகுப்பில் ஜமாபந்தி. பதிவேட்டைச் சரிபார்க்க அரசு வைத்த அதே நாளில்தான் மக்கள் பட்டா மாற்ற மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள். அதிகாரம் இருக்குமிடத்தில் எதிர்ப்பும் இருக்கும் என்று 1976இல் வந்த 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் ஃபூக்கோ சொன்னதை இதோடு படியுங்கள். எதிர்ப்பு வெளியிலிருந்து வருவதில்லை, அதே புல எண்ணை வைத்தே வழக்காடுகிறது. மதிப்பெண்ணுக்கு வரையறை கேட்காதீர்கள். ரேஷன் கார்டு, விடுதி விண்ணப்பம், நூலக உறுப்பினர் படிவம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு வெற்றுப் படிவத்தைக் கொடுத்து அதே நான்கு கேள்விக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.