ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர் 12: பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் முன் என்ன செய்யணும்?

கரூர்_கணக்கு:
வரி ஆலோசகர் அலுவலகம். 12 டெஸ்க்டாப். எல்லாமே இன்டெல் ஐ3-2120 பிராசசர், எச்61 மதர்போர்டு, ஒரே ஒரு 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபரோட முடிஞ்சது, 11 இதுல ஏறாது. காயலான் கடைக்குப் போட மனசில்லை, பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் கேட்கறாங்க. ஆனா டிஸ்க் முழுக்க வாடிக்கையாளர்களோட பான், ஆதார் நகல். மூணு பெட்டி விடாம பீப் அடிக்குது, டிஸ்பிளே இல்லை. சிலதுல தேதி 2011-க்குப் போயிடுது, எந்த வெப்சைட்டும் திறக்கலை. லேசர்ஜெட் 1020 பிரிண்டர் ஒண்ணும் பழைய டப்பா (சிஆர்டி) மானிட்டர் ரெண்டும் இருக்கு.

வட்டு_வைத்தியர்:
டேலி கணக்கு மென்பொருள் இருந்தா, முதல்ல அதோட லைசென்ஸை சரண்டர் பண்ணுங்க சார். டிஸ்க்கை அழிச்ச பிறகு அதுக்கு அலையணும்.

ஃபார்மேட் மட்டும் போதவே போதாது. குவிக் ஃபார்மேட் பட்டியலைத்தான் அழிக்கும், ஃபைல் அப்படியே கிடக்கும், இலவச மென்பொருளிலேயே மீட்டுடலாம். ஷ்ரெட்ஓஎஸ்ஸை (டிஸ்க்கை முழுசா அழிக்கிற இலவச மென்பொருள்) பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி, பூஜ்யம் நிரப்பும் முறையில் ஒரே சுற்று ஓட்டுங்க. இந்த ஹார்டு டிஸ்க்குக்கு அது போதும். 500 ஜிபிக்கு ரெண்டு மணி நேரம் வரை ஆகலாம், சரிபார்ப்பும் வெச்சா ஏறக்குறைய இரட்டிப்பு.

அழிக்கும் முன், டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்ற ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்க. 'ரீஅலோகேட்டட்' (கெட்டுப்போய் மாத்தின பகுதி), 'பெண்டிங்' (சந்தேகத்தில் இருக்கிற பகுதி) ரெண்டு வரியிலும் 0 இருந்தா நல்ல டிஸ்க். எண் ஏறியிருந்தா அதைப் பிள்ளைங்க தலையில கட்டாதீங்க. உள்ளே டேட்டா பதியற தட்டு வரைக்கும் துளை போட்டு ஒதுக்கிடுங்க.

ரேம்_ஸ்லாட்:
பீப் பெரும்பாலும் ரேம்தான். கழற்றி, தங்க நிற முனையை சாதாரண பென்சில் ரப்பரால் தேய்ங்க. ஸ்லாட்டில் தூசி ஊதி, கிளிப் 'டக்'னு பிடிக்கிற வரை அழுத்துங்க. அப்பவும் பீப் நிக்கலைன்னா ஓடுற பெட்டி ரேமை மாத்திப் பாருங்க.

தேதிக் கோளாறுக்கு, போர்டுல கடிகாரத்தை ஓட்டற வட்டமான சிஆர்2032 செல்லை மாத்தணும். கடிகாரம் 2011-ல நின்னா வெப்சைட் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லைன்னு பிரவுசர் மறுத்துடும். நெட் மேல பழி போட்டுத் தேடிக்கிட்டிருப்பாங்க. 12-லயும் புது செல் போட்டுடுங்க.

12 பெட்டியையும் 2 ஜிபியோட தள்ளிவிடறதை விட, ரெண்டு ரெண்டு ரேமா சேர்த்து 4 ஜிபியில் ஆறு பெட்டி தர்றது மேல். மீதி ஆறு பெட்டி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஃபேன், கேபிளுக்கு உதிரி. புதுசா ரேம் வாங்கினா 'ஏஎம்டி மட்டும்'னு விலை மலிவா வர்ற 4 ஜிபி டிடிஆர்3-ஐ தொடாதீங்க, இன்டெல் போர்டுல வேலை செய்யாது. பிராசசர் பக்கத்துல கெபாசிட்டர் தலை உப்பியிருந்தா அந்தப் போர்டு உதிரிக்குக்கூட வேண்டாம்.

பள்ளி_லேப்:
விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் மின்ட் போடுங்க, எடை குறைஞ்ச எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபியில் ஏறும், ஆனா பிரவுசர் திறந்தா திணறும், 4 ஜிபி வேணும். ஒரு பெட்டியை முழுசா தயார் பண்ணுங்க: லிப்ரே ஆபீஸ், ஜிகாம்ப்ரிஸ் (பிள்ளைங்களுக்கான கல்வி விளையாட்டு), தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்கிற உள்ளீட்டு மென்பொருள் வழியா தமிழ்99 விசைப்பலகை. பிறகு க்ளோன்சில்லாவில் (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கிற மென்பொருள்) மத்த ஐந்துக்கும் நகல். போய்ச் சேர்ற டிஸ்க் மூல டிஸ்க்கை விடச் சின்னதா இருந்தா நகல் நின்னுடும்.

டப்பா மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கு, பள்ளிக்குக் கொடுக்காதீங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரிச்ச மறுசுழற்சியாளர்கிட்ட மட்டும் ஒப்படைங்க. பள்ளிக்கு சீரியல் எண் போட்ட நன்கொடைக் கடிதம் கொடுங்க, இருப்புப் பதிவேட்டில் ஏத்த வசதி.

கரூர்_கணக்கு:
ரேம் தேய்ச்சதும் ரெண்டு பெட்டி உயிர் வந்துடுச்சு, நன்றி. மின்ட்டில் 1020 பேர் காட்டுது, பிரிண்ட் வரலையே?

பள்ளி_லேப்:
அந்த மாடல் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கம்ப்யூட்டர்ல இருந்து ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கற உள் மென்பொருள்) வாங்கிக்கும். லினக்ஸுக்கான எச்பி பிரிண்டர் மென்பொருள் எச்பிலிப் இருந்தா மட்டும் போதாது, அதோட ப்ளகினையும் இறக்கணும், ரெண்டும் ஒரே பதிப்பா இருக்கணும். அதுக்கு நெட் வேணும். பள்ளியில் நெட் இல்லைன்னா, உங்க ஆபீஸ்லயே மூலப் பெட்டியில் போட்டு பிரிண்ட் எடுத்துப் பார்த்துட்டு, அப்புறம் நகல் எடுங்க.