குழந்தைப் படம் இல்லாத டப்பா

குழு: கோத்தகிரி வீடு
ஞாயிறு, மாலை 6:10 முதல்

மலர்: (படம்) எல்லோரும் இந்தப் பட்டியலைப் பாருங்கள். இந்த மாதத்திலிருந்து நம் வீட்டில் யூனிலீவர் கம்பெனிப் பொருள் ஒன்றும் வேண்டாம். ஹாஸ்டலில் நாங்கள் பதினோரு பேர் ஏற்கெனவே விட்டுவிட்டோம்.

அம்மா: என்ன ஆச்சு மலர்? சோப்பில் ஏதாவது கலப்படமா?

மலர்: சோப்பில் ஒன்றும் இல்லை அம்மா. கொடைக்கானல் பாதரச விஷயம். வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசினார்கள். அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பெயர்த்து 1980-களில் கொடைக்கானலில் கொண்டுவந்து வைத்தார்கள். 1987-இல் அது யூனிலீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. இடம் பாம்பார் சோலையை ஒட்டி இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று நம் மலைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராணி அத்தை: தெர்மாமீட்டர் உடைந்தால் அந்தப் பாதரசம் தரையில் சின்னச் சின்ன வெள்ளிக் குண்டாக ஓடும். நான் நர்ஸாக இருந்த சுகாதார சப்சென்டரில் எங்கள் பிள்ளைகள் அதை விரலால் தள்ளி விளையாடுவார்கள். நான் கத்திக்கொண்டே ஓடுவேன். தொடுவதைவிட மோசம் அதன் ஆவி. கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது. நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு தெர்மாமீட்டருக்கே அந்தப் பயம் என்றால், நாள் முழுவதும் அதிலேயே வேலை பார்த்தவர்களை நினைத்துப் பார்.

மலர்: அதுதான் அத்தை. தொழிலாளர்களுக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை என்றுதான் கம்பெனி சொல்லி வந்தது. அவர்களிடம் எதற்கு நாம் காசு கொடுக்க வேண்டும்?

கடை மாமா: மலர், உன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இப்போதுதான் கடை அலமாரி முன்னால் நின்றேன். ஹமாம், லைஃப்பாய், லக்ஸ், பியர்ஸ், டவ், லிரில். ஆறும் ஒரே வீடு. கீழ்த்தட்டில் சர்ஃப் எக்செல், ரின், வீல், விம். அதுவும் அதே வீடு. கிளினிக் பிளஸ் சாஷே சரம், க்ளோஸ்அப், பாண்ட்ஸ் பவுடர், வாசலின், கிசான் ஜாம், ப்ரூ. எடுத்து வைத்தால் பாதி அலமாரி காலி. உன்னை மறுத்துப் பேசவில்லை கண்ணு. உள்ளதைச் சொல்கிறேன்.

அம்மா: பாட்டிக்கு ஹார்லிக்ஸ்?

கடை மாமா: அதுவும்தான் அக்கா. 2020-இல் வாங்கிவிட்டார்கள். பூஸ்டும் சேர்த்து.

அம்மா: சரி, என் தலைக்கு இந்துலேகா போதும். அது கேரளத்து எண்ணெய்தானே.

மலர்: அம்மா, அதையும் 2015 கடைசியில் வாங்கிவிட்டார்கள்.

அம்மா: அப்படியா? பாட்டிலில் கேரளத்து ஆயுர்வேதம் என்று பார்த்துத்தான் ஐந்தாறு வருடமாக வாங்குகிறேன்.

செந்தில் அண்ணன்: இதுதான் சித்தி முதல் சிக்கல். நாம் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனால், அதுவும் அவர்களுடையதாக இருக்கும், அல்லது அடுத்த வருடம் அவர்களுடையதாகிவிடும். பட்டியலும் பழசாகிவிடும். மலர் அனுப்பியதில் அன்னபூர்ணா மாவு இருக்கிறது. அதை அவர்கள் 2023-இலேயே விற்றுவிட்டார்கள்.

சித்தப்பா: இப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்தேன். பட்டியலில் 3 ரோசஸ், ரெட் லேபிள், தாஜ்மஹால் மூன்றும் இருக்கின்றன. மலர், நீ கோபித்துக்கொள்ளாதே. நாலரைக் கிலோ பச்சை இலை கொடுத்தால் ஒரு கிலோ தூள். நான் ஃபேக்டரிக்கு இலை போடுகிறேன், ஃபேக்டரி தூளைக் குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிறது, அங்கே பெரிய பாக்கெட் கம்பெனிகள்தான் மூட்டை மூட்டையாக எடுக்கின்றன. அந்த ஏல விலையை வைத்துத்தான் டீ போர்டு மாதா மாதம் நம் இலைக்குச் சராசரி விலை சொல்கிறது. ஏலத்தில் வாங்கும் கை ஒன்று குறைந்தால் அடி முதலில் யாருக்கு விழும்? என் முதுகில் தொங்கும் இலைப்பைக்குத்தான்.

மலர்: நான் அதை யோசிக்கவே இல்லை சித்தப்பா.

சித்தப்பா: யோசிக்காதது தப்பில்லை. நீ விடாதே என்றும் நான் சொல்லவில்லை. கொடைக்கானலும் மலை, இதுவும் மலை. அங்கே மண்ணில் பாதரசம் என்றால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் பொருளை விடுவதற்கு முன்னால், விட்டால் யாருக்கு வலிக்கும் என்று பார்க்க வேண்டும்.

கடை மாமா: 2017-ஐ மறக்க முடியுமா? ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் சேர்ந்து முடிவெடுத்தன. மார்ச் 1 முதல். நானும் ஃப்ரிட்ஜைக் காலி செய்தேன். மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பொவண்டோ இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார்கள். 1916-இல் தொடங்கிய காளிமார்க், நம் ஊர்ச் சரக்கு. அப்புறம் மே மாதம் சீசன் வந்தது. மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டம் காரை நிறுத்தி நிறுத்திப் பழையதையே கேட்டது. நாலு கடை தள்ளி ஒருவர் விற்க ஆரம்பித்தார். நான் ஜூன் வரை தாக்குப்பிடித்தேன். அப்புறம் நானும் வைத்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

செந்தில் அண்ணன்: மாமா, இன்னொன்றும் நடந்தது. தாமிரபரணித் தண்ணீரை அந்தக் கம்பெனிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளையில் இருந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடையும் வந்தது. கடைகளில் விற்பனையை நிறுத்தியது மார்ச் 1. மறுநாளே, மார்ச் 2-இல், கோர்ட் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. நாம் ஃப்ரிட்ஜைக் காலி செய்துகொண்டிருந்தோம், தண்ணீர் விஷயம் வேறு இடத்தில் முடிவாகிவிட்டது.

அம்மா: அப்படியென்றால் எதுவும் பயன் இல்லையா? பிள்ளை மனம் நொந்து எழுதியிருக்கிறாள், எல்லோரும் ஆகாது ஆகாது என்கிறீர்களே.

ராணி அத்தை: ஆகும். நான் சொல்கிறேன். தம்பி, கடையில் குழந்தைப் பால்மாவு டப்பா இருக்கிறதா? எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. ஒன்றை எடுத்துச் சுற்றிப் பார். அதில் குழந்தை படம் இருக்கிறதா?

கடை மாமா: ஒரு நிமிடம்.

கடை மாமா: (படம்) இல்லை அண்ணி. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். குழந்தையும் இல்லை, அம்மாவும் இல்லை. முக்கிய அறிவிப்பு என்று கட்டம் கட்டி, உங்கள் குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்று போட்டிருக்கிறது. இத்தனை வருடம் விற்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. பிஸ்கட்டில் குழந்தை இருக்கிறது, சோப்பில் குழந்தை இருக்கிறது. குழந்தை குடிக்கும் பாலில் இல்லை!

ராணி அத்தை: அது சும்மா வரவில்லை. ஏழை நாடுகளில் பால்மாவை விற்க, நர்ஸ் மாதிரி வெள்ளை உடுப்புப் போட்ட பெண்களை ஆஸ்பத்திரிக்குள் அனுப்பினார்கள். நினைத்தால் எனக்கு உடம்பு பதறுகிறது. நான் அந்த உடுப்பை முப்பது வருடம் போட்டவள். தாய்மார் நம்பி வாங்கினார்கள். பால் வற்றிப் போன பிறகு டப்பா வாங்கக் காசு இருக்காது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் கரைப்பார்கள், அதுவும் கொதிக்காத தண்ணீர். பேதி வரும், குழந்தை போய்விடும். 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களை வாங்க மாட்டோம் என்று ஆரம்பித்தார்கள். வேறு நாடுகளுக்கும் பரவியது. 1981-இல் உலக சுகாதார சபையில் பால்மாவு விற்பனைக்கு விதிமுறை கொண்டுவந்தார்கள். 118 நாடுகள் ஆதரவு. எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா மட்டும். 1984-இல் கம்பெனி விதிமுறைக்கு ஒத்துக்கொண்டது, போராட்டத்தை நிறுத்தினார்கள். சொன்னபடி நடக்கவில்லை என்று 1988-இல் மறுபடி தொடங்கினார்கள். நம் நாட்டில் 1992-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம்தான் தம்பி கையில் இருக்கும் டப்பா.

மலர்: அத்தை, ஏழு வருடமா?

ராணி அத்தை: ஏழு வருடம். அதிலும் எல்லாப் பொருளையும் திட்டிக்கொண்டிருக்கவில்லை. பால்மாவை இப்படி விற்காதே. ஒரே பேச்சு. ஏழு வருடமும் அதே பேச்சு. நர்ஸ், டாக்டர், சர்ச், கல்லூரி என்று எல்லோரும் அதையே சொன்னார்கள்.

செந்தில் அண்ணன்: அத்தை சொல்வது நூற்றுக்கு நூறு. திருப்பூரில் நான் கண்ணால் பார்ப்பது இது. எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டுக் கடைகளுக்குச் சரக்கு பத்து சதவீதம் குறைந்தால்கூட அவ்வளவு பதற்றம் வராது. பெயர் பேப்பரில் வந்துவிடுமோ என்றால் அடுத்த வாரமே ஆடிட்டர் வந்து நிற்பார். 2013-இல் பங்களாதேஷில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்த பிறகு, எங்கள் ஊர்வரைக்கும் அவசர வழிக் கதவைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். ஆனால் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆறு விஷயத்தில் யாரும் பனியன் வாங்காமல் விடவில்லை. விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள், 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பெயருக்கு வரும் பயம் ஒரு கை, சட்டம் இன்னொரு கை. வாங்காமல் இருப்பது முதல் கைக்கு வலுக் கொடுக்கும். அதுவே இரண்டு கையும் ஆகிவிடாது.

கடை மாமா: நம் ஊரிலேயே பார். முன்னால் தண்ணீர் பாட்டில்தான் எனக்கு நல்ல ஓட்டம். ஓடையெல்லாம் காலி பாட்டில். 2019-இல் மாவட்டத்தில் தடை வந்தது. இப்போது வருகிறவர்கள் ரோட்டோரத் தண்ணீர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவராக நாமே விட வேண்டும் என்று இருந்திருந்தால், என் கடையில் இன்றைக்கும் பெட்டி அடுக்கியிருக்கும்.

மலர்: கொடைக்கானல் கணக்கை இப்போது திரும்பப் பார்க்கிறேன். 2001-இல் மூடினார்கள். 2003-இல் 290 டன் பாதரசக் கழிவை மூட்டை கட்டி, வந்த நாட்டுக்கே, அமெரிக்காவுக்கே கப்பலில் அனுப்பினார்கள். அதற்கு ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் விடாமல் நின்றார்கள். 2006-இல் தொழிலாளர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். வருடக்கணக்கில் இழுத்தது. 2015 ஜூலை கடைசியில் சென்னைப் பெண் ஒருவர் இதைப் பற்றிப் பாடிய வீடியோ வந்தது, உலகம் முழுக்கப் பார்த்தார்கள். 2016 மார்ச்சில், எட்டு மாதத்துக்குள், 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது.

கடை மாமா: அந்த 2015-இல் என் கடையில் ஒரு ஹமாம்கூடக் குறைந்து விற்கவில்லை மலர்.

செந்தில் அண்ணன்: அதைத்தான் நான் சொல்கிறேன் மாமா. விற்பனை குறையவே இல்லை. ஆனால் பெயர் உலகம் முழுக்கப் போயிற்று. அதோடு, பேச்சு வார்த்தைக்கு உட்காரத் தொழிலாளர் சங்கம் தயாராக இருந்தது, கோர்ட்டில் வழக்கும் இருந்தது. அந்த இரண்டும் இல்லாமல் பாட்டு மட்டும் வந்திருந்தால் பத்து நாளில் அடங்கியிருக்கும்.

சித்தப்பா: மண் என்ன ஆயிற்று மலர்? பணம் கொடுத்தது சரி. மண்ணைச் சுத்தம் செய்தார்களா?

மலர்: அதில்தான் சண்டை தொடர்ந்தது சித்தப்பா. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு வைத்தார்கள். சோலைக் காட்டுப் பக்கத்தில் அது போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று சூழல் அமைப்புகள் எதிர்த்தன. இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை நான் விசாரிக்கவே இல்லை. சோப்புப் பட்டியல் போடுவதில் ஒரு வாரம் போயிருக்கிறது.

ராணி அத்தை: பட்டியலும் தேவைதான் கண்ணு. உன் காசு, நீ வேண்டாம் என்றால் வேண்டாம். அதில் விட்டுக்கொடுக்காதே. ஆனால் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள். மண் சுத்தமாகிவிட்டதா, எவ்வளவுக்கு? அந்தப் பதினோரு பிள்ளைகளும் அதையே கேளுங்கள்.

செந்தில் அண்ணன்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். மண் பரிசோதனை அறிக்கைகளின் நகல், தேதி வாரியாக. முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேள்விகளைச் சுருக்கமாக எழுது, ஒரு பக்கத்துக்குள். நான் பார்த்துத் தருகிறேன்.

மலர்: இன்று இரவே எழுதுகிறேன் அண்ணா. சித்தப்பா, தேயிலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். இலை போடுகிறவர்களைக் கேட்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

சித்தப்பா: எடு. ஆனால் அதைப் பற்றியும் ஒருநாள் பேச வேண்டும். நான்கு பேர் வாங்கினால்தான் நமக்கு விலை என்ற நிலைமையே தப்பு. நம் வீட்டுக்கு இண்ட்கோ தூள் வாங்கலாம். கூட்டுறவு ஃபேக்டரி, நம் விவசாயிகளுடையது.

கடை மாமா: ஊட்டி டீ பாக்கெட் என்னிடம் பின்வரிசையில் இருக்கிறது மச்சான். நாளைக்கே முன்வரிசைக்கு மாற்றுகிறேன். சோப்பில் மெடிமிக்ஸும் மைசூர் சாண்டலும் கூடக் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். கேட்கிறவர்களுக்கு ஏன் என்று நானே சொல்வேன். மற்றதை எடுத்துவிட முடியாது மலர், கடை ஓட வேண்டும்.

மலர்: அது போதும் மாமா. நிஜமாகவே போதும்.

அம்மா: குளியலறையில் இருக்கும் ஹமாம்?

ராணி அத்தை: வாங்கியாயிற்று, தேயட்டும். தம்பி, நாளைக் காலையில் கோர்ட் பக்கம் போவாயா? ஆர்டிஐ மனுவில் ஒட்ட 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வேண்டும்.

கடை மாமா: போவேன் அண்ணி. எத்தனை?

மலர்: பதினொன்று மாமா.