வெண்பிடரி என்று எழுதி, அடித்த கதை

போன மாதம் ஒரு காலையில் மொட்டைத் தென்னை ஒன்றில் மரங்கொத்தி ஏறிக்கொண்டிருந்தது. பிடரி முழுக்க வெள்ளை. வெண்பிடரி மரங்கொத்திதான் என்று முடிவே கட்டிவிட்டேன். எத்தனையோ நாளாகத் தேடிய பறவை. கை நடுங்கியதில் முதல் ஏழெட்டுப் படம் வெறும் தென்னைமரம்தான். குறிப்பேட்டில் தேதி, நேரம் எல்லாம் எழுதி, பெயருக்குக் கீழே இரட்டைக் கோடும் போட்டாயிற்று.

ராத்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தொண்டை உறுத்தியது. வெண்பிடரிக்குத் தொண்டை வெள்ளை, அதில் கறுப்புக் கோடுகள் இறங்கும். இதற்கோ கறுப்புத் தொண்டை, அதில் பொடிப்பொடியாக வெள்ளை. நெற்றியிலும் கறுப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகள், பின்னால் கொண்டை மட்டும் சிவப்பு. பொன்முதுகு மரங்கொத்தியின் பெட்டை! வெண்பிடரிப் பெட்டைக்கு உச்சந்தலை மஞ்சளாக அல்லவா இருக்கவேண்டும்?

சரி, அப்போ அந்த வெள்ளை? இடப்பக்கம் தோள்வரை வழிந்திருந்தது, வலப்பக்கம் கழுத்தோடு நின்றுவிட்டது. இனத்துக்கே உரிய அடையாளம் இப்படிக் கோணல்மாணலாக வராது. இறகில் நிறமி சேராமல் போகிற லூசிசம் இது. கண் கருமையாகவே இருந்ததால், கண்ணிலும் கருநிறமி இல்லாத அல்பினோ இல்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அது பறக்கும்போது பொன்முதுகின் அந்தக் கனைப்புச் சிரிப்பைத்தான் சிரித்தது. தினமும் கேட்கிற சத்தம். கண் வெள்ளையிலேயே இருந்ததில் காதை மறந்துவிட்டேன்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு நடந்தது வேறு மாதிரி. இலங்கையில் ஆரஞ்சு முதுகோடு ஒரு மரங்கொத்தியைப் பார்த்தேன். கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று, நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை மூன்று தடவை மாற்றினேன், ஆரஞ்சு போகவே இல்லை. அங்கே யாழ்ப்பாணப் பக்கம் பொன்முதுகு, தெற்கே போனால் அந்தத் தீவில் மட்டுமே இருக்கிற செம்முதுகு. இரண்டும் சந்திக்கிற பகுதியில் கலந்து, இப்படி இடைநிறத்தில் திரிகின்றன என்று கூட வந்தவர் சொன்ன பிறகுதான் கேமராவை விட்டேன்.

*

அந்த ஆரஞ்சுப் படம் இருந்தால் போடுங்களேன். நான் குறிப்பேட்டில் பெயரை அடித்துவிட்டேன், இரட்டைக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்றும் அந்தப் பெட்டையைப் பார்த்தேன், அதே தென்னையில். கூடவே ஓர் ஆண். அதற்கு வெள்ளை ஒன்றும் இல்லை.