வின்ஃபாஸ்ட் காருக்கு மாறலாமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): நான்கு ஆண்டுகளாக ஓட்டும் மின்சாரக் காரில், புதுச்சேரி போய்வரும் 50 கிலோமீட்டருக்கே பாதி சார்ஜ் கரைந்துவிடுவதால், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்த வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்டின் விஎஃப் 6 மின்சாரக் காரை வாங்க எண்ணுகிறேன். புதிய நிறுவனத்தை நம்பலாமா?

பதில் (முத்தியால்பேட்டை): ஐயா, உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதை முதலில் கேளுங்கள். உப்புக்காற்றில் சார்ஜிங் முனையில் பச்சைக்களிம்பு படிந்து, ஒரேயொரு பாகத்துக்காக என் கார் ஆறு வாரம் பணிமனையில் நின்றது. அந்தத் தவிப்பு உங்களுக்கு வேண்டாம்.

பதில் (நெல்லிக்குப்பம்): விஎஃப் 6-இன் 59.6 கிலோவாட் மணி பேட்டரி உங்கள் பயணத்துக்குத் தாராளம். ஆயினும், பல கார்களின் பேட்டரிக்கு எட்டாண்டு உத்தரவாதம் உண்டு என்பதால், உங்கள் பழைய காரின் பேட்டரித் திறனைச் சோதித்து, எழுத்துமூலம் அறிக்கை வாங்கிய பிறகே முடிவெடுங்கள்.

கேட்டவர்: உத்தரவாதத்தை மறந்தே போனேன், ஐயா; திங்களன்று சோதனைக்கு விடுகிறேன்.